பிரிக்கிற தையல்

அன்புள்ள அக்கா,

பூம்பாறையிலிருந்து எழுதுகிறேன். சின்ன வயதில் அம்மா தைத்த கவுன்களைப் போட்டுத்தான் வளர்ந்தேன் என்று உங்கள் பழைய கட்டுரை ஒன்றில் ஒரு வரி வரும். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதம்.

மகளுக்கு இரண்டே கால் வயது. மாமியாரின் கால் மெஷின் பரணில் கிடந்தது. இறக்கித் துடைத்து எண்ணெய் விட்டேன், ஓடுகிறது. இதுவரை இரண்டு கவுன் தைத்திருக்கிறேன். முதலாவதில் தலையே நுழையவில்லை. இரண்டாவது ஒரே துவையலில் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் 150 ரூபாய்க்கு நல்ல கவுன் தொங்குகிறது, நீ துணி எடுத்த காசே அதைவிடக் கூட என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். கணக்குப் பார்த்தால் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது. குழந்தைக்கு வீட்டில் தைப்பது இந்தக் காலத்தில் வெறும் ஆசைதானா அக்கா? எங்கள் ஊர்க் குழந்தை வேலப்பர் கோயில் தேரோட்டத்துக்கு முன்னால் ஒரு பாவாடை சட்டையாவது உருப்படியாகத் தைத்துவிட வேண்டும் என்று இருக்கிறது.

(பெயர் போட வேண்டாம்.)

*

அன்புள்ள தங்கைக்கு,

வீட்டுக்காரர் சொல்வது சரி. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவோம். மலைக்குக் கீழே திருப்பூர் இருக்கிறது. ஏற்றுமதியில் மிஞ்சினது, கழித்ததெல்லாம் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வருகிறது. விலையில் அவர்களை நீங்களும் ஜெயிக்க முடியாது, நானும் ஜெயிக்க முடியாது. ஜட்டி, உள்பனியன், ராத்திரிக்குப் போடும் கால்சட்டை எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். பனியன் துணியைச் சாதாரண ஊசியில் தைத்தால் தையல் விட்டுவிட்டு விழும், துணியிலும் பொத்தல் விழும். முனை மழுங்கின ஊசி தனியாக இருக்கிறது. இப்போதைக்கு அந்த வம்பே வேண்டாம்.

இன்னொன்று. என் அம்மாவுக்குத் தையல் பிடிக்காது. அந்தக் கட்டுரை வந்தபோது தாயன்பு, ஊசிமுனை என்றெல்லாம் உருகி நாலைந்து பேர் எழுதினார்கள். அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பாள். பெருமாள்மலைக்குப் பக்கத்தில் காப்பித் தோட்டத்து வீடு. நாங்கள் நாலு பிள்ளைகள். ரெடிமேட் வேண்டுமென்றால் வத்தலக்குண்டுக்கு இறங்க வேண்டும். உள்ளூர்த் தையல்காரர் தீபாவளித் துணியைக் கார்த்திகையில் கொடுப்பார். வேறு வழியில்லாமல் தைத்தாள். மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது கிட்டே போனால் அடிதான்.

ஆனால் கடைக்காரனுக்குத் தெரியாத ஒரு விஷயம் அவளுக்குத் தெரியும். பிள்ளைக்குத் தைக்கிற எதையும் பிரிக்கிற மாதிரிதான் தைப்பாள்.

எனக்கு மூன்று வயதில் ஒரு ரோஸ் பாப்ளின் கவுன். கீழே மூன்று விரல் அகலத்துக்கு மடிப்பு. அதற்கு மேலே வரிசையாக மூன்று டக், அதாவது துணியைக் குறுக்கே மடித்துத் தைத்த மடிப்பு. பார்க்கிறவர்களுக்கு அது அலங்காரம். விஷயம் தெரிந்தவர்களுக்கு, மடித்து ஒளித்து வைத்த துணி. டக்குகளை மட்டும் பெரிய தையலாக, கவுன் நிறத்துக்கு ஒரு சாயல் தள்ளின நூலில் போட்டிருப்பாள். பிரிக்கும்போது எது டக் நூல், எது கவுன் நூல் என்று தேட வேண்டாம் அல்லவா? பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் ஒரு நாள் திண்ணையில் வெளிச்சத்தைப் பார்த்து உட்காருவாள். கையில் அரை பிளேடு. ஒரு பக்கத்து நூலை மூன்று நான்கு தையலுக்கு ஒரு முறை தொட்டாற்போல அறுத்துக்கொண்டே போவாள். கடைசி வரை போய், துணியைத் திருப்பி மறுபக்கத்து நூலின் நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு. முழு நூலும் அறாமல் கையோடு வந்துவிடும். அதைத் தீக்குச்சியில் சுற்றி வைப்பாள், பட்டன் தைக்க.

பிரித்த இடத்தில் வெயில் படாத பழைய ரோஸ் இருக்கும். மற்ற இடமெல்லாம் வெளுத்திருக்க, அது மட்டும் பட்டையாகக் கெட்டி நிறத்தில் தெரியும். இரண்டாம் டக்கைப் பிரித்ததும் இரண்டு பட்டை. வகுப்பில் எண்ணுவார்கள். அந்த வெட்கத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதிருக்கிறேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. பட்டை மேல் வெள்ளை ஜிக்ஜாக் லேஸ் வைத்துத் தைத்துக் கையில் கொடுத்தாள். எனக்கு அப்புறம் தங்கை போட்டாள். கடைசியில் மெஷின் துடைக்கிற துணியாகப் பல நாள் கிடந்தது.

இப்படிப் பிரித்துப் பிரித்து நீட்ட வேண்டியது ஏனென்றால், குழந்தை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளர்வதில்லை. பிறக்கும்போது சுமார் 50 செ.மீ., ஒரு வயதில் 75, இரண்டு வயதில் 87 பக்கம். அதற்கு மேல் வருடத்துக்கு ஆறிலிருந்து எட்டு செ.மீ. உயரம் கூடும். மார்புச் சுற்று ஓரிரண்டு செ.மீ. கூடினால் பெரிது. தலை அதற்கும் குறைவு. இரண்டு வயதில் 48 செ.மீ. இருக்கிற தலை ஐந்து வயதில் 50, 51-ஐத் தாண்டுவது கஷ்டம். ஆக, இரண்டு வயதுக்கு வெட்டின கழுத்து ஐந்து வயதுக்கும் ஆகும். நீளம் மட்டும்தான் போதாமல் போகிறது. அந்த நீளத்தை முன்கூட்டியே உள்ளே வைத்துத் தைத்துவிட்டால் ஒரு கவுன் மூன்று வருடம் ஓடும். வீட்டுக்காரரின் கணக்கில் இந்த மூன்று வருடம் வரவில்லை. சந்தைக் கவுனைப் பிரித்துப் பாருங்கள், ஓரத்தில் அரை அங்குலம் இருக்காது. அதையும் ஓவர்லாக் போட்டு நறுக்கியிருப்பான்.

“வளர்ற புள்ள, கொஞ்சம் பெருசாவே தைங்க” என்று தையல்காரரிடம் சொல்லாத அம்மா உண்டா? அது வேறு, இது வேறு. பெரிதாகத் தைத்தால் தோள் இறங்கும், கை மூடும், பிள்ளை பாவாடை மிதித்து விழும். நம் ஊர்க் குளிரில் கழுத்துப் பக்கமாகக் காற்று உள்ளே இறங்கும். இன்றைக்கு அளவாக இருக்க வேண்டும். நாளைக்கு வேண்டியது உள்ளே இருக்கட்டும்.

சரி, உங்கள் முதல் கவுன். தலை நுழையாத கவுன் தைக்காதவர்கள் யாரும் இல்லை. என் மகளுக்கு நான் தைத்த முதல் ஜபலாவும் (கைக்குழந்தைச் சட்டை) அப்படித்தான். கழுத்தைப் பார்த்துக் கழுத்து வெட்டினேன், தலையை மறந்துவிட்டேன். பிறந்த குழந்தைக்கு மார்பைவிடத் தலை இரண்டு செ.மீ. பெரிது. இரண்டும் ஒன்றாவதற்கு ஒரு வயது ஆகும். ஜபலாவை முதுகுப் பக்கம் திறந்து வைத்தது அதனால்தான். உங்கள் மகளுக்குத் தலைச் சுற்று 19 அங்குலம் என்று வையுங்கள். கழுத்துச் சுற்றை 11 அங்குலத்துக்கு வெட்டிப் பின்பக்கம் 4 அங்குலம் திறப்பு விட்டால், இரண்டு ஓரமும் சேர்ந்து 8, மொத்தம் 19. கண்டிப்பாக நுழையும், ஆனால் காதை இழுத்துக்கொண்டு நுழையும். திறப்பை 5 ஆக்குங்கள். கழுத்தோரத்துக்குப் பட்டி வைக்காமல், துணியை மூலைவாட்டில் வெட்டின கிராஸ் பீஸ் வைத்துத் திருப்புங்கள். நேர்வாட்டில் வெட்டின துண்டு வளைவில் படியாது, முறைத்துக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது கவுன் சுருங்கியது உங்கள் தப்பில்லை, கடையில் சொல்லியிருக்க வேண்டும். ஆலையில் துணியை இழுத்துப் பிடித்தே நெய்து, இழுத்துப் பிடித்தே சாயமேற்றிச் சுற்றுகிறார்கள். முதல் தண்ணீர் பட்டதும் அது தளர்ந்து தன் அளவுக்கு வந்துவிடும். மீட்டருக்கு 4, 5 செ.மீ. இழுத்துக்கொள்கிற காட்டன் எல்லாம் உண்டு. வாங்கின அன்றே ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, முறுக்காமல் காயவைத்து, இஸ்திரி போட்டு, அதற்கு அப்புறம்தான் கத்தரிக்கோல்.

குளிரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பூம்பாறையில் இருந்துகொண்டு அதைப் பேசாமல் முடியாது. மெத்தென்று இருக்கிறதென்று எல்லோரும் குழந்தைக்குப் பிளானலில் தைக்கிறோம். நானும் தைத்திருக்கிறேன். ஆனால் மெத்தென்று இருப்பது அதன் மேலே எழுப்பி விட்ட பஞ்சு. ஒரு பொறி பட்டால் அந்தப் பஞ்சு வழியாக நெருப்பு கண்மூடித் திறப்பதற்குள் துணி முழுக்க ஓடும். வீட்டில் கரிச்சட்டியோ ஹீட்டரோ வைக்கிறீர்கள் என்றால் தொளதொள பிளானல் கவுன் வேண்டாம், உடம்போடு ஒட்டின கால்சட்டை, சட்டையாகத் தையுங்கள். பிறந்தநாளுக்கு வாங்கும் நைலான் வலைக் கவுன் இன்னும் மோசம், உருகித் தோலில் ஒட்டும்.

கம்பளிக்கு வந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். உங்கள் ஊரைத் தாண்டிப் போகிற அதே சாலையில்தான் மன்னவனூர். மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையம் 1965-லிருந்து அங்கே இருக்கிறது. மெரினோ ஆடு வளர்க்கிற மலையில் நம் பிள்ளைகள் போட்டுக்கொண்டு திரிவது பெரும்பாலும் அக்ரிலிக். சந்தேகமாக இருந்தால் ஸ்வெட்டரின் உள்பக்கத்திலிருந்து ஒரு இழை பிடுங்கிக் கொளுத்திப் பாருங்கள். மயிர் கருகும் வாசனை வந்து, விரலில் நசுக்கினால் பொடியானால் கம்பளி. உருகிக் கடினமான மணியாக நின்றால் அக்ரிலிக். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. மூடுபனியில் ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு அதுதான் வேண்டும். அரிக்கும் என்பார்கள், அரிக்கத்தான் செய்யும். உள்ளே ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போட்டால் தீர்ந்தது.

அந்த உள்சட்டையை மட்டும் கடையில் வாங்காமல் தைக்கலாம், துணி வீட்டிலேயே இருக்கிறதென்றால். பாட்டியின் பழைய சின்னாளப்பட்டிச் சுங்குடி ஏதாவது மாமியாரின் பெட்டியில் கிடக்கும். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல் பெரியவர்கள் உடுத்தின பழந்துணியைப் போடுகிற வழக்கம் நமக்குண்டு. ஆயுசு கெட்டியாக இருக்கும் என்பார்கள். ஆயுசு எப்படியோ, நூறு முறை துவைத்ததில் கஞ்சியும் மொரமொரப்பும் போன துணி அது. முந்தானைப் பக்கத்தைவிட, உள்ளே சுற்றிக் கட்டின பக்கம் சாயம் போகாமல் நன்றாக இருக்கும். இற்றுப்போயிருக்கிறதா என்று விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

கழுத்தில் இழுத்துக் கட்டுகிற கயிறு மட்டும் எதிலும் வேண்டாம். சறுக்குமரத்தில் கயிறு மாட்டிக் குழந்தைகள் செத்துப்போனதைப் பார்த்து, அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-ல் தொப்பியிலும் கழுத்திலும் கயிறு வைக்க வேண்டாம் என்று வழிகாட்டுதலே வெளியிட்டது. நம் கடைக் குல்லாக்களில் இன்னும் தொங்குகிறது.

அம்மாவின் முறையில் ஒரு குறையும் உண்டு. டக் பிடித்த இடத்தில் துணி மூன்று அடுக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அந்த மூன்று அடுக்கு மட்டும் சில்லென்று இருக்கும். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போடுவாள். வகுப்பு முழுக்க எல்லோர் மேலும் புகை வாசனைதான் என்பதால் அதை மட்டும் யாரும் கேலி செய்ததில்லை. டக்கை மெல்லிய துணியில் மட்டும் வையுங்கள். பிளானலில் வேண்டாம்.

இனி தேருக்குப் பாவாடை. பட்டுப் பாவாடை ஆசையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்துவிட்டுக் காட்டனில் தையுங்கள். பட்டுத் துணியைப் பிரித்தால் ஊசித் துளை அப்படியே நிற்கும். இரண்டு வயதுக்கு இடுப்பு என்று ஒன்று கிடையாது, வயிறுதான். நாடா போட்டால் வழுக்கும், எலாஸ்டிக் போட்டால் தடம் பதியும். பாவாடையோடு பாடி (கையில்லாத மேல்சட்டை) சேர்த்துத் தையுங்கள், தோளில் நிற்கும். வயிற்றுச் சுற்றைச் சாப்பிட்ட பிறகு எடுங்கள். பாடிக்கு முதலில் செய்தித்தாளில் வெட்டி, மகள் மேல் வைத்துப் பார்த்துவிட்டுத் துணியைத் தொடுங்கள். தோளில் ஒரு அங்குலம், அக்குளுக்குக் கீழே பக்கத்துக்கு ஒரு அங்குலம் உள்ளே விடுங்கள். பாவாடையின் கீழே இரண்டு அங்குல மடிப்பு. அரை அங்குல டக் ஒன்று ஒரு அங்குலத் துணியைத் தின்னும். மூன்று டக்குக்கு மூன்று அங்குலம். மொத்தம் ஐந்து அங்குலம் கையிருப்பு. இரண்டு வருடத்துக்குக் குறையாது. பட்டனை இரட்டை நூலில், துணிக்கும் பட்டனுக்கும் நடுவே நூலாலேயே கால் வைத்துத் தைத்து, தைத்து முடித்ததும் பல்லால் கடித்து இழுத்துப் பாருங்கள். நீங்கள் இழுக்காவிட்டால் அவள் இழுப்பாள், இழுத்ததை விழுங்குவாள்.

கடைசியாக, மெஷின். பரணில் கிடந்தது என்றால் தோல் பெல்ட் தொய்ந்திருக்கும். ஈரக் காற்றுக்கு அது நீளும். மிதிக்கும்போது சக்கரம் நழுவுகிற மாதிரி இருந்தால் புது பெல்ட் வாங்க ஓடாதீர்கள். கொக்கியைக் கழற்றி, அரை அங்குலம் வெட்டி, ஆணியைச் சுடவைத்து ஓட்டை போட்டு மறுபடி மாட்டினால் போதும். அந்த வேலையை வீட்டுக்காரரிடம் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா