10ஆம் வகுப்பு மதிப்பெண் எதுவரை கூட வரும்? – கேள்வி பதில்

பொதுத்தேர்வு முடிவுகள் வந்ததும் என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: கல்லூரிச் சேர்க்கையில் 10ஆம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு? மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் நடத்துகிறேன். கலந்தாய்வுக் காலத்தில் மாணவர்களோடு உட்கார்ந்து விருப்பப் பட்டியல் தயாரிக்க உதவுகிறேன். அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகன் 10ஆம் வகுப்பில் 500க்கு 389. பொறியியல் படிக்க வேண்டும் என்கிறான். நல்ல கல்லூரி கிடைக்க இது தடையாகுமா? (ஒரு தாய், தென்காசி)

பதில்: தடையாகாது அம்மா. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்கான மதிப்பெண், 200க்குக் கணக்கிடப்படுகிறது. 12ஆம் வகுப்புக் கணிதம் 100க்கு அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் தலா 50ஆகப் பாதியாக்கப்படும். இந்தக் கூட்டலில் 10ஆம் வகுப்புக்குப் பங்கு கிடையாது.

ஆனால் ஒரே கட்-ஆஃப் பலருக்கு வரும். அப்போது கணிதத்தில் யார் கூடுதல், இயற்பியலில் யார் கூடுதல் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். அதிலும் சமமாக நின்றால் 12ஆம் வகுப்பு மொத்தம், அதற்கும் பிறகு 10ஆம் வகுப்பு மொத்தம். பிறந்த தேதியும் சமவாய்ப்பு எண்ணும் (கணினி குலுக்கல் போலத் தரும் எண்) அதற்கும் பின்னால்தான். ஆக, உங்கள் மகனின் 389 கணக்கில் வர வேண்டுமானால் அத்தனை படிகளிலும் அவன் இன்னொருவரோடு சமமாக இருக்க வேண்டும். அதை நினைத்து இப்போது கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: அப்படியென்றால் 10ஆம் வகுப்பு மதிப்பெண் வெறும் காகிதம்தானா? (மாணவர், கடலூர்)

பதில்: இல்லை தம்பி. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்த மதிப்பெண் கல்லூரி வாசலில் பேசுவதைவிட +1 வாசலில்தான் உரக்கப் பேசுகிறது. பல பள்ளிகள் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் அடங்கிய முதல் குரூப்பை மதிப்பெண் வரிசையில்தான் நிரப்புகின்றன. மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம் "இந்த குரூப்தான் இருக்கிறது" என்று ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கே கணிதம் போனால் பொறியியல் ஏறக்குறைய போய்விடுகிறது. உயிரியல் போனால் மருத்துவம் போய்விடுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து எழுத வேண்டிய போட்டியின் முடிவு, ஜூன் மாதத்து ஒரு காலை நேரத்தில் பள்ளி அலுவலகத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. இது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

ஆகவே பெற்றோருக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது: போராட வேண்டியது மதிப்பெண்ணுக்காக அல்ல, குரூப்புக்காக. படித்த பள்ளியில் கேட்ட குரூப் கிடைக்காவிட்டால் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கேளுங்கள். ஒரு பள்ளியில் 400 கேட்கும் குரூப் இன்னொரு பள்ளியில் காலியாக இருக்கும். பள்ளியின் பெயருக்காகக் குரூப்பை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: மருத்துவத்துக்கு? (மாணவி, நாமக்கல்)

பதில்: நீட் மதிப்பெண், அதாவது 720க்கு நீங்கள் எடுப்பது, அதுதான் தரவரிசை. 12ஆம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்ந்து பொதுப்பிரிவினருக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் வேண்டும். அது தகுதி மட்டுமே. 10ஆம் வகுப்பு மதிப்பெண்ணை யாரும் கேட்பதில்லை.

ஆனால் உங்கள் பழைய பள்ளி நாட்களில் ஒன்று கணக்கில் வரும்: எங்கே படித்தீர்கள் என்பது. 6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 2020 முதல் மருத்துவத்திலும், 2021 முதல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. இடையில் ஓராண்டு தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் பெற்றோர் இதை மனத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும்.

கேள்வி: ஐஐடி, என்ஐடி? (தந்தை, ஓசூர்)

பதில்: ஜேஇஇ தரவரிசைதான் ஐயா. 12ஆம் வகுப்பில் 75 சதவீதம் (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 65) அல்லது அந்தந்த வாரியத்தில் முதல் 20 பர்சன்டைலுக்குள், அதாவது தேர்ச்சி பெற்றவர்களில் முதல் ஐந்தில் ஒரு பங்கினருக்குள் இருக்க வேண்டும். 10ஆம் வகுப்பு இங்கே வராது.

கேள்வி: 11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். இனி +1 மதிப்பெண்ணும் தேவையில்லை என்கிறாள் மகள். சரியா? (தாய், மதுரை)

பதில்: மதிப்பெண் தேவையில்லை என்பது சரி. பாடம் தேவையில்லை என்பது பெரும் தவறு. +1 பாடங்களை நடத்தாமலேயே பல தனியார் பள்ளிகள் நேராக +2 பாடத்துக்குத் தாவியதால்தான் 2017-18இல் 11ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது நீக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் மனச்சுமை குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பழைய வழக்கம் திரும்புவதற்கான கதவும் திறந்திருக்கிறது. நீட், ஜேஇஇ இரண்டிலும் 11ஆம் வகுப்புப் பாடங்களிலிருந்து கேள்விகள் வரும். வெக்டர், வகை நுண்கணிதம் ஆகியவற்றின் அடித்தளமே +1 புத்தகத்தில்தான் இருக்கிறது. அது இல்லாமல் வரும் பிள்ளைகள் பொறியியல் முதல் பருவக் கணிதத்தில் திணறுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். உங்கள் மகளின் பள்ளியில் +1 புத்தகம் உண்மையிலேயே நடத்தப்படுகிறதா என்று ஜூலையிலேயே கேளுங்கள், டிசம்பரில் கேட்டுப் பயனில்லை.

கேள்வி: 10ஆம் வகுப்பு மதிப்பெண் நேரடியாகக் கல்லூரி இடத்தைத் தீர்மானித்தது எப்போதாவது உண்டா? (கல்லூரி மாணவர், சேலம்)

பதில்: உண்டு, 2021இல். கொரோனா காரணமாக +2 தேர்வு ரத்தானபோது தமிழ்நாடு அரசு 10ஆம் வகுப்புக்கு 50 சதவீதம், 11க்கு 20, 12ஆம் வகுப்பின் செய்முறை மற்றும் அக மதிப்பீட்டுக்கு 30 என்று கணக்கிட்டது. 10ஆம் வகுப்பில் அதிகம் எடுத்த மூன்று பாடங்களின் சராசரியை எடுத்துக்கொண்டார்கள். 10இல் சறுக்கி, +2இல் எழுந்து நிற்க உழைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அது கசப்பான ஆண்டு.

கேள்வி: நான் பி.காம். முடிக்கப்போகிறேன். கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதி, எம்பிஏ படிக்க ஐஐஎம் செல்ல ஆசை. 10ஆம் வகுப்பில் குறைவு. (மாணவி, கோவை)

பதில்: தங்கை, உங்களிடம் மட்டும் நான் "கவலை வேண்டாம்" என்று சொல்ல முடியாது. அகமதாபாத், பெங்களூரு ஐஐஎம்கள் நேர்முகத்துக்கு அழைக்கும் பட்டியலைத் தயாரிக்கும்போது கேட் மதிப்பெண்ணோடு 10, 12, பட்டப்படிப்பு மதிப்பெண்களுக்கும் புள்ளிகள் தருகின்றன. பதினைந்து வயதில் எழுதிய தேர்வு இருபத்தொன்றில் வந்து நிற்கிறது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதே என் கருத்து. ஆனால் எல்லா ஐஐஎம்களும் ஒரே அளவில் எடை போடுவதில்லை. ஒவ்வொன்றும் தன் தேர்வு முறையை இணையதளத்தில் வெளியிடுகிறது. பள்ளி மதிப்பெண்ணுக்கு எங்கே எடை குறைவு என்று பார்த்து அங்கே குறி வையுங்கள். பட்டப்படிப்பின் மிச்சப் பருவங்களை விட்டுவிடாதீர்கள்.

வேலைக்கும் இதே சிக்கல் உண்டு. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் சில 10, 12, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன.

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். மகள் ஜிசிஎஸ்இ (நம் 10ஆம் வகுப்புக்கு இணையான பொதுத்தேர்வு) எழுதுகிறாள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இதைப் பார்க்குமா? (தந்தை)

பதில்: பார்க்கும். இந்தியாவைவிட அங்கே இதற்கு எடை அதிகம், காரணமும் இருக்கிறது. அந்த இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவப் படிப்புக்கும் அக்டோபர் 15க்குள் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது ஏ-லெவல் (நம் +2 போன்றது) முடிந்திருக்காது. ஆசிரியர் கணித்துத் தரும் மதிப்பெண்தான் கையில் இருக்கும். முன்பு நடுவில், முதல் ஆண்டு முடிவில் எழுதும் ஏஎஸ் தேர்வு ஏ-லெவலின் பகுதியாக இருந்தது. 2015இல் தொடங்கிய சீர்திருத்தம் அதைத் தனியாகப் பிரித்துவிட்டது. ஆகவே விண்ணப்பிக்கும் நேரத்தில் எழுதி முடித்த பொதுத்தேர்வு என்றால் பெரும்பாலும் ஜிசிஎஸ்இ மட்டுமே. ஆனாலும் அதைப் பள்ளியின் சூழலோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்: சராசரிப் பள்ளியில் எடுத்த 8க்கும் (ஜிசிஎஸ்இயில் 9தான் உச்ச தரம்) பெயர்பெற்ற பள்ளியில் எடுத்த 8க்கும் அவர்கள் கண்ணில் வேறுபாடு உண்டு. நுழைவுத் தேர்வும் நேர்முகமும் அதற்குப் பிறகு.

கேள்வி: இலங்கையில் சாதாரண தரப் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கு உதவுமா? (யாழ்ப்பாணம்)

பதில்: சாதாரண தரம் (நம் 10ஆம் வகுப்பு போன்றது) உயர்தரம் (நம் +2 போன்றது) படிப்பதற்கான தகுதியைத் தரும். அதன் பிறகு போட்டி முழுவதும் உயர்தர இசட் புள்ளியில்தான் (பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணக்கிடும் புள்ளி). பெரும்பாலான துறைகளில் 40 சதவீத இடங்கள் நாடு தழுவிய தகுதிக்கும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன.

கேள்வி: ஒரு பாடத்தில் தோல்வி. அப்பா பேசுவதே இல்லை. (மாணவர்)

பதில்: தம்பி, முதலில் துணைத் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள்; அதே ஆண்டில் நடக்கும். தேர்ச்சி பெற்றதும் +1இலும் சேரலாம், பாலிடெக்னிக்கிலும் சேரலாம். பாலிடெக்னிக் சேர்க்கை 10ஆம் வகுப்பு மதிப்பெண்ணில் நடக்கிறது. டிப்ளமோவை நன்றாக முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அந்தச் சேர்க்கைக்கு டிப்ளமோ மதிப்பெண்தான் அடிப்படை, 10ஆம் வகுப்பை யாரும் கேட்க மாட்டார்கள். இந்தப் பதிலை அப்பாவிடம் காட்டுங்கள்.

கேள்வி: சான்றிதழ் வந்ததும் கவனிக்க வேண்டியது எது? (தாய், திருவாரூர்)

பதில்: மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் பாருங்கள் அம்மா. பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழைத்தான் பல இடங்களிலும் ஆதாரமாகக் கேட்பார்கள். ஆதாரில் ஒரு மாதிரி, இதில் ஒரு மாதிரி என்று இருந்தால், தலைமை ஆசிரியர் மூலம் இப்போதே திருத்தத்துக்கு எழுதிக் கொடுங்கள்.