பால் ஏன் திரும்பி வந்தது என்று தொடங்குங்கள்

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கத்தில் கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமொன்றில் பயிற்சி அலுவலராக இருக்கிறேன். சுத்தமான பால் உற்பத்தி பற்றிக் காலை ஒன்பது மணியிலிருந்து நாலு மணிவரை செயலமர்வு வைத்தால் நாற்பது பேர் வருகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டோடு பாதிப்பேர் போய்விடுகிறார்கள். என்னோடு வேலை செய்யும் மூத்த அண்ணை ஒருவர் நடுவில் எழும்பி, “உதெல்லாம் புத்தகக் கதை, பிள்ளைக்கு மாடு தெரியாது” என்கிறார். சனம் சிரிக்கிறது. அவர்மேல் முறைப்பாடு கொடுக்கலாமா? நவீன பயிற்சித் தொகுதி ஒன்றை விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், தங்கச்சி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் பின்னால் வருகிறது.

சாப்பாட்டோடு எழும்பிப் போனவர்கள் உங்களை அவமதிக்கவில்லை. விடிய முதல் பால் கறந்து, கானைச் சேகரிப்பு நிலையத்தில் இறக்கிவிட்டு ஓடி வந்தவர்கள் அவர்கள். மேய்ச்சலுக்குப் போன மாட்டைப் பொழுதுபடமுன் பட்டிக்குத் திருப்ப வேண்டும். அதுவும் காலபோக நெல் விதைத்த பிறகு மாடு வயலுக்குள் இறங்கினால் வழக்குத்தான். ஆகவே ஒருநாள் செயலமர்வை மூன்றாக உடையுங்கள். கிழமைக்கு ஒரு காலை, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை போதும். இடைவெளி விட்டுப் படிப்பது நல்லதும்கூட. இரண்டாம் கிழமை தொடங்கும்போது கொப்பியைத் திறக்க விடாமல், “போன கிழமை என்ன பார்த்தோம்?” என்று அவர்களையே சொல்ல வையுங்கள். நினைவிலிருந்து இழுத்தெடுக்கும்போதுதான் விசயம் மனதில் தங்கும்.

வளர்ந்தவர்களுக்குக் கற்பிப்பது பற்றி மால்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கர் 1960களிலிருந்து எழுதியதில் உங்களுக்குத் தேவையானது ஒன்றுதான். வளர்ந்தவர் பாடத்தைத் தேடி வருவதில்லை, தன் பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். “சுத்தமான பால் உற்பத்தியின் முக்கியத்துவம்” என்ற ஸ்லைட்டை ஒதுக்கி வையுங்கள். “போன மாதம் ஆருடைய பால் நிலையத்திலிருந்து திரும்பி வந்தது?” என்று கேளுங்கள். கை உயரும். அங்கிருந்து தொடங்குங்கள். மேசையில் ஒரு கறுப்புத் துணி, பாலின் அடர்த்தியைக் காட்டும் ஒரு லக்ரோமீற்றர், இரண்டு சாடி பால். ஒன்றில் அவர்கள் கண்முன்னாலேயே தண்ணீர் கலந்து, லக்ரோமீற்றர் எவ்வளவு ஆழமாய்த் தாழ்கிறது என்று அவர்களையே வாசிக்க விடுங்கள். கறுப்புத் துணியை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். முதற் பீச்சலை அதில் பீச்சிக் கட்டியோ திரிதிரியாகவோ தெரிந்தால் மடிநோய் என்பதை அடுத்த நாள் தங்கள் பட்டியிலேயே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படி அவர்கள் அனுபவத்திலிருந்தே தொடங்குவதற்கு ஒரு விலக்கு உண்டு. முதற் பிழையே கடைசிப் பிழையாகக்கூடிய விசயத்தில் கலந்துரையாடல் வைக்கவே கூடாது. அன்ரிபயோட்டிக் ஊசி போட்ட மாட்டின் பாலை, மிருக வைத்தியர் சொன்ன நாள்கணக்கு முடியும்வரை சங்கக் கானில் ஊற்றக்கூடாது. இதை நீங்களே நேராகச் சொல்லுங்கள், மூன்று கிழமையும் சொல்லுங்கள், ஒவ்வொருவரையும் வாயால் திருப்பிச் சொல்ல வையுங்கள். ஒரு வீட்டுப் பால் போதும், அந்தத் தாங்கிப் பாலில் தயிர் உறையாமற் போக. காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நம்பவும் கூடாது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளை குடித்தால் என்னவாகும் என்று சொல்லிப் பயப்படுத்தினாலும் பரவாயில்லை. கன்று கலைந்த மாட்டை வெறுங்கையால் தொடக்கூடாது என்பதும் இதே வகைதான். கன்று கலையச் செய்யும் புரூசெல்லா கிருமி மனிதருக்கும் தொற்றும். “உங்கட அனுபவம் என்ன?” என்று இங்கே கேட்காதீர்கள். “நாங்கள் இவ்வளவு காலமும் அப்பிடித்தானே செய்தனாங்கள்” என்ற பதில் வந்தால், அடுத்த வீட்டாருக்கு அதுவே சட்டமாகிவிடும்.

இனித் தொகுதி விற்பவர். உங்களுக்குக் காட்டிய ஸ்லைட்டில் ஒரு கூம்பு இருந்ததா? வாசித்தால் 10 வீதம் நினைவில் நிற்கும், கேட்டால் 20, செய்தால் 90 என்று? எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946இல் அந்தக் கூம்பை வரைந்தபோது அதில் ஒரு வீதம்கூட இல்லை. பிறகு யாரோ ஒட்டிய எண்கள் அவை. பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர் என்று ஆட்களைப் பிரிக்கும் வினாத்தாளும் அப்படித்தான். 2008இல் நாலு உளவியலாளர்கள் ஆய்வுகளைத் தேடிப் பார்த்து, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் பலன் உண்டென்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே எழுதினார்கள். இதற்கா சங்கத்துக் காசு? இரண்டு நாளில் என்.வீ.கியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் இன்னும் கவனம். அந்தத் தகைமைக்கு மதிப்பீடு உண்டு. நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவிலக்கத்தைக் கேளுங்கள். இழுத்தடித்தால் கதவைக் காட்டுங்கள்.

அண்ணையின் விசயத்துக்கு வருகிறேன். முறைப்பாடு இப்போது வேண்டாம். அடுத்த செயலமர்வுக்கு முன் அவரைத் தனியே சந்தியுங்கள். உங்கள் குறையை அங்கே இறக்காமல், அவர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேளுங்கள். 2022 டிசம்பர்க் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் செத்து விழுந்தனவே, அந்த நாட்களில் எந்தப் பட்டி தப்பியது, ஏன் என்று கேளுங்கள். “அண்ணை, இதை நீங்களே இருபது நிமிசம் சொல்லுங்கோ, தேத்தண்ணிக்கு முதல்” என்று நேரத்தையும் குறித்துக் கொடுங்கள். வளவாளர், அதாவது பாடம் சொல்பவர்கள், பட்டியலில் அவர் பெயரையும் போடுங்கள். தன் அனுபவத்துக்கு இடமில்லாதபோதுதான் மூத்தவர் நடுவில் எழும்புகிறார். பல சங்கங்களில் கண்டிருக்கிறேன்.

அதன்பிறகும் எழும்பினால், சனத்துக்கு முன் வாதாடாதீர்கள். “அண்ணை சொல்லுறதையும் பார்ப்பம்” என்று பாலையும் லக்ரோமீற்றரையும் அவர் கையில் கொடுங்கள். பிறகு தனியே, நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: “நீங்கள் எழும்பினதோட ஊசிக் கதையைச் சனம் கேட்கேல்லை.” குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். மூன்று முறை சொல்லியும் மாறாவிட்டால் திகதி, சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர்கள் என்று குறித்துவைத்து எழுத்தில் கொடுங்கள். பெண் என்பதால் கேவலமாகக் கதைத்தாலோ மிரட்டினாலோ இந்தப் பொறுமை எதுவும் வேண்டாம். அன்றே எழுதிக் கொடுங்கள்.

மேலிடம் என்ன கேட்கும் என்று தெரியும். பனரோடு படம், கையெழுத்துத் தாள், டிசம்பருக்குள் காசு முடிந்த கணக்கு. வன்னியில் வெள்ளமும் வயலும் ஒன்றாக நிற்கும் மாதத்தில் வருடப் பயிற்சி முழுவதையும் திணிப்பவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. 1959லேயே டொனால்ட் கேர்க்பற்றிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பயிற்சியை அளக்க நாலு படி சொல்லிவிட்டார்: பிடித்ததா, படித்தார்களா, செய்கிறார்களா, பலன் வந்ததா. கையெழுத்துத் தாள் அதில் முதற்படிக்கே வராது. அவர்கள் கேட்பதைக் கொடுங்கள், கூடவே ஒரு தாளையும் இணையுங்கள். பயிற்சிக்கு முந்திய மாதம் எத்தனை லீற்றர் திரும்பி வந்தது, பிந்திய மாதம் எத்தனை என்று. சேகரிப்பு நிலையப் பதிவேட்டில் அது இருக்கும். முதற் செயலமர்வுக்கு முன்னமே போய்ப் பிரதி எடுத்து வையுங்கள்.