மொட்டைமாடிக் கம்பி – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

மகளைப் பார்க்க மான்செஸ்டர் போயிருந்தபோது, வேல்ஸில் உள்ள கேர்நார்வன் கோட்டைக்கும் ஒரு நாள் போய்வந்தோம். வெளியே நின்று பார்த்தால் மலைப்பு. உள்ளே புல்தரை, சுற்றிலும் சுவர், மூச்சுவாங்கும் படிக்கட்டுகள். ராஜா படுத்த ஒரு கட்டில்கூட இல்லை. ‘இதற்குச் செஞ்சிக்கே போயிருக்கலாம்’ என்றாள் மனைவி. இவ்வளவு பெரிய கோட்டை எப்படிப் பாழானது?

மா., கோவை

அன்புள்ள மா.,

இடிந்துபோனதும் உண்டுதான். ஆனால் நீங்கள் பார்த்த வெறுமையில் பெரும்பங்கு கட்டியே முடிக்கப்படாதது. கிங்ஸ் கேட் வழியாக உள்ளே போனதும் திரும்பிப் பார்த்தீர்களா? சுவரிலிருந்து கற்கள் பல்வரிசை போல நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த சுவரை அதோடு பிணைக்கலாம் என்று கொத்தனார்கள் விட்டுவைத்தவை. நம்மூரில் மாடி எடுக்கும் ஆசையில் மொட்டைமாடியில் கம்பியை நீட்டிவைப்போமே, அதேதான். எழுநூறு வருடமாக நீட்டிக்கொண்டிருக்கிறது.

1282 டிசம்பரில், இங்கிலாந்துப் படையோடு நடந்த போரில் வேல்ஸ் இளவரசர் லுவெலின் கொல்லப்பட்டார். மறுவருடமே இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் இங்கே வேலையைத் தொடங்கிவிட்டார். பக்கத்திலேயே பழைய ரோமானியக் கோட்டை ஒன்று இருந்தது. ஒரு ரோமப் பேரரசன் கனவில் கண்ட கோட்டையைத் தேடி இந்த ஊருக்கு வந்தான் என்பது வெல்ஷ் மக்களின் பழங்கதை. எட்வர்ட் அந்தக் கதையையும் சேர்த்தே பிடித்துக்கொண்டார். அந்தப் பேரரசனுடையவை என்று நம்பப்பட்ட எலும்புகள் 1283இல் கிடைத்தபோது, அவற்றைத் தேவாலயத்தில் மரியாதையோடு அடக்கம் செய்யச் சொன்னார். மற்ற கோட்டைகளில் வட்டக் கோபுரம் எழுப்பியவர், இங்கே பலகோணக் கோபுரங்களையும் நிறம் மாறும் கல்வரிகளையும் வைத்தது ரோமப் பேரரசின் தலைநகராயிருந்த கான்ஸ்டான்டிநோபிள் மதிலின் சாயலுக்காக என்பார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. பாதுகாப்புக்கு மட்டும் என்றால் இவ்வளவு அலங்காரம் எதற்கு?

பாதுகாப்பில் கோட்டைவிட்டதும் நடந்தது. ஊரைப் பார்த்த வடபக்கத்தில் சுவர் எழுப்பாமல் அகழியோடு நிறுத்தியிருந்தார்கள். 1294இல் மடோக் தலைமையில் கிளர்ந்த வெல்ஷ்காரர்கள் அந்த வழியாகவே புகுந்து தீ வைத்தார்கள். மறுவருடம் மீட்ட பிறகு அவசரமாக எழுந்ததுதான் நீங்கள் பார்த்த வடசுவர். கிங்ஸ் கேட்டுக்கு ஐந்து கதவுகள், மேலிருந்து இறங்கும் ஆறு இரும்புத் தட்டிகள் என்று திட்டம். பயம் அப்படி. ஸ்காட்லாந்துப் போர்கள் கஜானாவை விழுங்கின; 1330இல் வேலை நின்றது. அதற்குள் இருபதாயிரம் பவுண்டுக்கு மேல் செலவு.

எட்வர்டின் மகன் இரண்டாம் எட்வர்ட் இந்தக் கோட்டையின் ஈகிள் டவரில் பிறந்தார் என்று யாராவது ஒரு அறையைக் காட்டியிருந்தால் நம்ப வேண்டாம். அவர் பிறந்த 1284இல் அந்தக் கோபுரம் அந்த உயரத்துக்கு எழும்பவே இல்லை.

மறுபடி போனால் சாயங்காலம் செயோன்ட் ஆற்றின் நடைபாலத்தைத் தாண்டி அக்கரையில் நில்லுங்கள். எட்வர்ட் காட்ட நினைத்த முகம் அங்கிருந்துதான் தெரியும். பிறகு ஊருக்குள் ஒரு டீ. ஆங்கிலேயரைக் குடியேற்றுவதற்கென்றே மதில் கட்டிய ஊர் அது. இன்று கடைத்தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் வெல்ஷ் மொழி. உங்களுக்கு டிக்கெட் கொடுத்த அரசுத் துறையின் பெயர் ‘கடூ’. ‘காத்துவைத்தல்’ என்பதற்கான வெல்ஷ் சொல் அது.

உங்கள் மனைவி சொன்னபடி செஞ்சிக்கும் அவசியம் போய்வாருங்கள். கட்டில் அங்கேயும் கிடையாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.