ரெட் பாரனைச் சுட்டது யார்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப்போர் பற்றிய உங்கள் கட்டுரையில், ‘ஜெர்மானிய விமானி ரிக்ட்ஹோஃபனை கனடாக்காரரான ராய் பிரவுன் சுட்டு வீழ்த்தினார்’ என்று ஒரு வரி வருகிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் அதைப் படித்துவிட்டு, “சுட்டது தரையில் நின்ற ஆஸ்திரேலியர். இவர் தப்பாக எழுதியிருக்கிறார்” என்கிறான். ‘ரெட் பாரன்’ என்று பெயர் வாங்கிய ரிக்ட்ஹோஃபனின் சிவப்பு விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரியை அவனே ஒட்டி மேசைமேல் வைத்திருக்கிறான். அவன் சொல்வது சரியா? நூறு வருடத்துக்குப் பிறகும் இதில் என்ன சண்டை?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

நியாயம் உங்கள் மகன் பக்கம்தான் அதிகம். எப்போதோ படித்தது மண்டையில் தங்கியிருந்தது, சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். (அச்சில் ‘ரெட் பேரன்’ என்று வேறு வந்துவிட்டது. யாருடைய பேரன் என்று ஒருவர் கேட்டிருந்தார். பிரபு என்ற பொருளில் பாரன், அவ்வளவுதான்.)

1918 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை காலை. பிரான்சில் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கு. மான்ஃபிரெட் ஃபான் ரிக்ட்ஹோஃபன் வீழ்த்திய கணக்கில் அதுவரை 80 விமானங்கள். கடைசி இரண்டும் முந்தைய நாள் வீழ்த்தியவை. இன்னும் 11 நாளில் அவருக்கு 26 வயது முடிந்திருக்கும். அன்று அவர் துரத்திய வில்ஃபிரிட் மே, பிரவுனின் படைப்பிரிவுக்காரர், சண்டைக்குப் புதியவர். துப்பாக்கி சிக்கிக்கொண்டதால் ஆற்றையொட்டித் தாழப் பறந்து ஓடிக்கொண்டிருந்தார். எதிரியின் எல்லைக்குள் போனால் திரும்பும் வழியை மறக்காதே என்பது ரிக்ட்ஹோஃபனின் குரு பொயல்க்கே எழுதிவைத்த விதிகளில் ஒன்று. சீடர் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர். அன்று மட்டும் எல்லை தாண்டி, மரங்களின் உயரத்துக்கு இறங்கி வந்தார். முந்தைய ஆண்டு ஜூலையில் தலையில் பட்ட குண்டுக்காயம் அவர் நிதானத்தைக் குலைத்திருந்தது என்பார்கள். வழக்கத்துக்கு மாறாக அன்று வீசிய கிழக்குக் காற்று அவரை அறியாமலே தள்ளிக்கொண்டு வந்தது என்பாரும் உண்டு. எனக்குக் காற்றின் மேல்தான் சந்தேகம்.

மேயைக் காப்பாற்ற பிரவுன் மேலிருந்து பாய்ந்து சுட்டார், விலகினார். சிவப்பு விமானம் செங்குத்தாக விழுந்தது என்று அறிக்கையும் எழுதினார். ஆனால் தரையில் இருந்தவர்கள் கண்டது வேறு. பிரவுன் விலகிய பிறகும் துரத்தல் தொடர்ந்தது. ஆஸ்திரேலியர்களின் இயந்திரத் துப்பாக்கிகள் கீழிருந்து சுட்டன. அதன் பிறகே சிவப்பு விமானம் திரும்பி, சற்று மேலெழும்பி, பிரே – கோர்பி சாலையோரத்து வயலில் இறங்கியது. பெரிதாக நொறுங்கக்கூட இல்லை. நொறுக்கியவர்கள் நினைவுப்பொருள் தேடி வந்த சிப்பாய்கள். துணியைக் கிழித்தார்கள், கையில் கிடைத்ததைக் கழற்றிக்கொண்டு போனார்கள். துப்பு துலக்க உதவியிருக்கக்கூடிய விமானம் அப்படித்தான் போயிற்று.

மிஞ்சியது உடல். அதில் பாய்ந்திருந்தது ஒரே ஒரு தோட்டா. உங்கள் வலக்கையைத் தூக்கி, அக்குளுக்குக் கீழே விலாவில், சற்று முதுகுப்பக்கமாக ஒரு விரலை வையுங்கள். இன்னொரு விரலை இடது மார்புக்காம்பின் அருகே வையுங்கள். தோட்டா போன வழி அதுதான். வலமிருந்து இடமாக, கொஞ்சம் மேல்நோக்கி. பிரவுன் வந்ததோ பின்னாலிருந்து, மேலிருந்து. இடப்பக்கமாக வந்தார் என்பதே பலரின் கணிப்பு. அதோடு, நெஞ்சைக் குறுக்காகத் துளைத்த அப்படியொரு காயத்தோடு ஒருவர் அரை நிமிடத்துக்கு மேல் விமானம் ஓட்டுவது கடினம். பிரவுன் சுட்டதற்கும் விமானம் இறங்கியதற்கும் இடையே போன நேரம் அதைவிட அதிகம்.

அப்படியானால் தரையில் யார்? சார்ஜென்ட் செட்ரிக் பாப்கின், பீரங்கிப்படையின் ராபர்ட் பூய், அவர் பக்கத்தில் நின்ற எவன்ஸ். பூயும் எவன்ஸும் நேர் எதிரே நின்று சுட்டார்கள், காயமோ பக்கவாட்டில். பாப்கின் இரண்டாம் முறை சுட்டபோது விமானத்தின் வலப்பக்கம் அவருக்குத் தெரிந்தது. ஆகவே ஆராய்ந்தவர்களில் பலர் அவர் பெயரைச் சொல்கிறார்கள். நானும் அந்தப் பக்கம் சாய்கிறேன். சாய்கிறேன், அவ்வளவுதான். விமானம் சாய்ந்து திரும்பும் நொடியில் இடம் வலம் மேல் கீழ் எல்லாம் குழம்பிவிடும். மருத்துவர்கள் முழுப் பிரேதப் பரிசோதனையும் செய்யவில்லை, காயத்தில் கம்பியை விட்டுப் பார்த்ததோடு சரி. இதில் வேடிக்கை, பிரவுனின் விக்கர்ஸ் துப்பாக்கி, பாப்கினின் விக்கர்ஸ், பூயின் லூயிஸ் துப்பாக்கி எல்லாமே ஒரே .303 அங்குலத் தோட்டாவைத்தான் சுட்டன. தோட்டாவே கையில் இருந்தாலும் அது யாருடையது என்று அன்று சொல்லியிருக்க முடியாது.

சண்டை ஏன் என்கிறீர்கள். பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸ் பிறந்து அப்போது மூன்றே வாரம். இப்படியொரு வெற்றியைத் தரைப்படைக்கு விட்டுக்கொடுக்குமா? பிரவுன் பெயரில் வரவு வைத்தது. அவருடைய 209ஆம் படைப்பிரிவின் சின்னத்தில் தலைகீழாக விழும் சிவப்புக் கழுகு பிறகு இடம்பிடித்தது. விமானத்தின் இருக்கை டொரொன்டோவுக்குப் போனது, கட்டுப்பாட்டுத் தடியும் பறக்கும் காலணியும் கான்பெராவில் இருக்கின்றன. இறந்த மறுநாள் பெர்த்தாங்கிள் கிராமத்தில் ராணுவ மரியாதையோடு ரிக்ட்ஹோஃபனை அடக்கம் செய்தவர்களும் ஆஸ்திரேலிய விமானப்படையினரே.

கட்டுரையில் அந்த வரி இப்போது, ‘பெரும்பாலும் தரையிலிருந்து வந்த ஒரு தோட்டாவால் இறந்தார்’ என்றிருக்கிறது. உங்கள் மகனிடம் ஒன்று கேளுங்கள்: அவனுடைய மாதிரியில் ஒட்டியிருக்கும் எண் 425/17தானா? அன்று அவர் ஓட்டியது அந்த விமானம்தான்.