வாக்கர் பிடித்தால் தனியாக நடக்கவே மாட்டானா?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. குறைமாதத்தில் பிறந்தவன்; மூளை முடக்குவாதம் என்றார்கள். ஒன்றே முக்கால் வயதில் தானாக உட்கார்ந்தான். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால் தரையில் படாமல் நடக்கிறான்; கால்கள் இரண்டும் கத்தரிக்கோல்போல் பின்னிக்கொள்கின்றன. டாக்டர் வாக்கர் வாங்கச் சொல்கிறார். அதைப் பிடித்துப் பழகினால் தனியாக நடக்கவே மாட்டான் என்று மாமியார் தடுக்கிறார். நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசானிடம், எண்ணெய் தேய்த்துவிடும் உழிச்சலுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், திருவட்டார்

பதில்: வாக்கர் வாங்குங்கள், சகோதரி. தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் மாமியாரின் பயத்தை இயன்முறை சிகிச்சைப் பணிக்கு வந்த நாள் முதல் வீடுவீடாகக் கேட்டு வருகிறேன். குலசேகரம் பக்கம் ஒரு வீட்டில் ஏழு வயதுப் பெண்பிள்ளை அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காமல் இருந்தாள். பின்னால் இழுத்துக்கொண்டு நடக்கும் வகை வாக்கரைக் கொடுத்தோம். முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்த கொடிவரை பத்தடி போனாள். ஒரு ஷீட்டைத் தொட்டாள். விரலை முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். அன்றாடம் பார்த்த பொருள்தான். தன் காலால் போய்த் தொட்டது அன்றுதான். அந்த முகச்சுளிப்பை அவள் அம்மா இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்.

இரண்டு வயதுக்குள் தானாக உட்கார்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர், எதையாவது பிடித்தோ பிடிக்காமலோ, நடக்கிறார்கள். உங்கள் மகனும் அப்படி உட்கார்ந்தவன்தான். பிடிமானமே இல்லாமல் நடப்பான் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். வாக்கரால் நடை கெடும் என்பதையும் நம்பாதீர்கள்.

காயம் பட்டது மூளையில், காலில் இல்லை. அந்தக் காயம் பெரிதாகாது. ஆனால் எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை நீள்வதில்லை. வயது ஏற ஏறக் குதிகால் மேலே எழும்புவது அதனால்தான்.

எண்ணெய் தேய்த்து மெதுவாக உழிவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நம் ஊரில் வளர்ந்தவள் நானும். பிள்ளை அலற அலறக் காலை வெடுக்கென்று இழுத்து விரிப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள். இந்தத் தசை, இழுக்கும் வேகம் கூடக்கூட இன்னும் இறுகும். வெந்நீரில் குளிப்பாட்டியதும் முழங்காலை நீட்டிவைத்து, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை மெல்ல மேல்நோக்கித் தள்ளி முப்பது எண்ணும்வரை பிடியுங்கள். அவசரப்படாமல், இரண்டு காலுக்கும், தினமும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது: இடுப்பு மூட்டு. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அது மெல்ல விலகுகிறது. தொடக்கத்தில் வலியே இருக்காது. கழுவிவிடும்போது ஒரு கால் மட்டும் விரிய மறுக்கிறதா, படுக்கவைத்து முழங்கால்களை மடக்கினால் ஒன்று தாழ்ந்து தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இனி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று எலும்பு மருத்துவரிடம் கேட்டு வாருங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மூளை முடக்குவாதம் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. அடையாள அட்டை இல்லையென்றால் வாங்கிவிடுங்கள். அதோடு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வாக்கருக்கு விண்ணப்பிக்கலாம்.

பாதத்தை நேராகப் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் கொடுத்தால் உள்ளே பருத்திச் சாக்ஸ் போடுங்கள். கழற்றிய பிறகு சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் செய்து கொடுத்தவரிடமே திருத்த வேண்டும், அதுவரை மாட்டாதீர்கள்.

வாசல்படி அரை அடி உயரம் என்றால் ஆறடி நீளத்துக்குச் சரிவு கட்டுங்கள். குறைத்தால் வாக்கர் பிடியில் நிற்காது. இடவப்பாதி மழையில் முற்றத்தில் பாசி பிடிக்குமே, அதைச் சுரண்டிவிட்டுப் பிள்ளையை இறக்குங்கள். முதல் நாள் கொடியில் எதைத் தொங்கவிடலாம் என்று மாமியாரிடமே கேளுங்கள்.