இலங்கைக் கடற்கரையில் குறைந்த செலவில் எங்கே தங்குவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இலங்கையில் மலிவாகத் தங்குவதற்கு ஏற்ற கடற்கரை எது?

பதில்: எந்த மாதம் செல்கிறீர்கள் என்று எழுதவில்லை; எத்தனை பேர் என்றும் எழுதவில்லை. மாதம் தெரியாமல் இத்தீவின் எந்தக் கரையையும் பரிந்துரைக்க இயலாது. அதைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: ஜூலையில் தென்கரையிலுள்ள மிரிஸ்ஸவில் கடலை ஒட்டிய விடுதி பாதி வாடகைக்குக் கிடைக்கிறது. உடனே பதிவு செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தெற்கு, மேற்குக் கரைகளை நேராகத் தாக்குவதால் அலை உயர்ந்து, நீரின் இழுப்பும் வலுத்துவிடும். நாள் முழுவதும் மழை பெய்யாது, நல்ல வெயில்கூட அடிக்கும். ஆனால் பெரும்பாலான நாள்களில் கடலில் இறங்குவது ஆபத்து. திமிங்கிலம் பார்க்கும் பருவமும் ஏப்ரலோடு முடிந்துவிடுகிறது. வாடகை பாதியாகக் குறைந்திருப்பதற்குக் காரணமே இவைதாம். இதைப் பலமுறை எழுதியும், விடுமுறை முழுவதையும் பால்கனியிலிருந்து கடலைப் பார்த்தே கழித்தவர்களின் கடிதங்கள் வந்தவண்ணம் இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

அதே ஜூலையில் கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும். திருகோணமலைக்கு அருகிலுள்ள உப்புவெளிக்கோ, அதற்கும் வடக்கே உள்ள நிலாவெளிக்கோ செல்லுங்கள். அது அங்கே சுற்றுலாப் பருவம் என்பதால் வாடகை சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும்; கொழும்பிலிருந்து சாலை வழியே ஆறு மணி நேரமும் பிடிக்கும். எனினும் கடலிலிருந்து முந்நூறு, நானூறு மீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் விருந்தினர் இல்லத்தில் அறை எடுத்தால் செலவு அடங்கும், நாள்தோறும் குளிக்கவும் முடியும். டிசம்பரில் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும்: அப்போது நிலாவெளியில் வாடகை குறையும், நான் மிரிஸ்ஸவுக்குப் போகச் சொல்வேன். முதலில் மாதம், பிறகு கரை, அதன் பிறகுதான் வாடகை.

கேள்வி: பிப்ரவரியில் அலைச்சறுக்கு பழக விரும்புகிறேன். உணவட்டுனவா, வெலிகமவா?

பதில்: வெலிகம. விரிகுடா அகலமானது, அடியில் மணல், புதியவர்கள் விழுந்தாலும் பெரிதாக அடிபடாது.

கேள்வி: ஆகஸ்டில் இரு சிறு குழந்தைகளோடு செல்கிறோம். பாசிக்குடா விடுதிகளின் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

பதில்: மாதத்தைக் குறிப்பிட்டதற்கு நன்றி. குழந்தைகளுக்குக் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவைப் போன்ற கடல் அரிது. வெகுதூரம் நடந்தாலும் நீர் இடுப்பளவைத் தாண்டாது. ஆகவே இடத்தை மாற்றாமல், தங்குமிடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கல்குடாவிலோ வாழைச்சேனைப் பக்கத்திலோ சிறிய விருந்தினர் இல்லம் ஒன்றில் தங்கி, காலையில் ஆட்டோவில் சென்று திரும்பலாம். கல்குடாக் கரை திறந்த கடலை நோக்கியது. அங்கே குழந்தைகளைத் தண்ணீரில் விடாதீர்கள்.

கேள்வி: பதிவு செய்தபோது கண்ட தொகையைவிட விடுதியில் கொடுத்த பில் மிகவும் கூடுதலாக இருந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் (++) இருந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். சேவைக் கட்டணமும் வரியும் தனி என்பதே அதன் பொருள். 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதன் மேல் 18 விழுக்காடு பெறுமதி சேர் வரியும் (வாட்) சேர்ந்தால் ஏறக்குறைய 30 விழுக்காடு கூடிவிடும். சிறிய விருந்தினர் இல்லங்கள் பலவற்றில் இந்த வரி இல்லை. எங்கே தங்கினாலும், எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: விமான நிலையத்துக்கு அருகில் என்பதால் நீர்கொழும்பிலேயே ஒரு வாரம் தங்கலாமா?

பதில்: வந்து இறங்கும் இரவுக்கும் புறப்படும் இரவுக்கும் மட்டும் தங்குங்கள்.

கேள்வி: ஜனவரியில் தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவையில் குறைந்த வாடகைக்கு ஓர் அறை பார்த்திருக்கிறேன். கடலுக்கு 100 மீட்டர்தான் என்கிறார்கள்.

பதில்: மாதமும் கரையும் பொருந்துகின்றன. ஆனால் அந்த 100 மீட்டருக்குள், கொழும்பையும் காலி நகரையும் இணைக்கும் ‘காலி வீதி’ குறுக்கிடுகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். பேருந்துகள் மிக வேகமாக ஓடும் சாலை அது. ஒவ்வொரு முறை குளிக்கப் போகும்போதும் அதைக் கடக்க வேண்டியிருக்கும். அறை சாலையைப் பார்த்ததா, பின்பக்கமா என்பதையும் கேட்டுவிட்டு, எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகை எவ்வளவு என்று உறுதி செய்துகொண்ட பின்னரே முன்பணம் அனுப்புங்கள்.