ஜப்பானில் ஐந்து ஊர் சுற்றும்போது எங்கே தங்குவது?

கேள்வி இது: அம்மா, 8 வயது மகன், கணவன் மனைவி என நான்கு பேர் 12 நாள் ஜப்பான் போகிறார்கள். டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, ஹிரோஷிமா, ஒசாகா என்று ஐந்து ஊர். ஒவ்வொரு ஊரிலும் எந்தப் பகுதியில் ரூம் போடலாம்?

ஐந்து ஊருக்கும் போங்கள். தங்குவதை மட்டும் இரண்டு ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டாயம் வேண்டுமென்றால் மூன்று. நாங்கள் 2024 நவம்பரில் கிட்டத்தட்ட இதே திட்டத்தோடுதான் கிளம்பினோம். நான், கணவர், மகள், 68 வயது அத்தை (கணவரின் அம்மா). முதலில் எழுதிய திட்டத்தில் 11 இரவுக்கு ஐந்து ஹோட்டல் இருந்தது. அதை மூன்றாகக் குறைத்தோம். இரண்டாக்கியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

ஜப்பானில் பெரும்பாலான ஹோட்டல்களில் காலை 10 அல்லது 11 மணிக்குக் காலி செய்யவேண்டும். அடுத்த இடத்தில் மதியம் 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். பெட்டி கட்டுவது, ஸ்டேஷனுக்கு இழுத்துப்போவது, ரயில், மறுபடி இழுப்பது, சாவி வாங்கி எல்லாவற்றையும் பிரிப்பது என்று ஊர் மாறும் நாளில் பாதி நாள் போய்விடும். நான்கு முறை மாறினால் இரண்டு முழு நாள் கணக்கு. வயதானவரும் குழந்தையும் இருக்கும்போது மீதிப் பாதி நாளும் களைப்பில்தான் கழியும்.

இணையத்தில் கிடைக்கும் ஜப்பான் பயணத் திட்டங்களைப் படிக்கும்போது அவை எந்த வருடம் எழுதப்பட்டவை என்று பாருங்கள். ஏழு நாள் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் முன்பு 29,650 யென். ஒரு வாரம் புல்லட் ரயிலில் எத்தனை முறை ஏறினாலும் அதே விலைதான் என்பதால், தினம் ஓர் ஊர் என்று எல்லோரும் எழுதினார்கள். 2023 அக்டோபரில் அது 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒரு வழி டிக்கெட் சுமார் 14,000 யென். இப்போது பெரும்பாலானோருக்குத் தனித்தனி டிக்கெட்தான் கட்டுப்படியாகும். ஊர் மாறுவதற்கும் யோசித்துத்தான் செலவழிக்கவேண்டியிருக்கிறது.

இன்னொன்று, வரைபடத்தில் தனித்தனி ஊராகத் தெரிபவை தரையில் அப்படி இல்லை. கியோட்டோவிலிருந்து ஒசாகாவுக்கு ஜே.ஆர். விரைவு ரயிலில் அரை மணி நேரம். டிக்கெட் 580 யென். பக்கத்து ஊரான நாராவுக்கு முக்கால் மணி நேரம். ஹிரோஷிமாவுக்குக் கியோட்டோவிலிருந்து புல்லட் ரயிலில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள், ஒசாகாவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆகவே மேற்குப் பக்கத்தில் உள்ள இந்த ஊர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அறை போதும்.

சரி, டோக்கியோவுக்கு வருவோம். எல்லோரும் ஷின்ஜுகு பகுதியில் தங்குங்கள் என்பார்கள். முதல் முறை, அதுவும் அம்மாவோடு என்றால் வேண்டாம் என்பது என் கருத்து. அந்த ஒரு ஸ்டேஷனுக்கு 200க்கும் மேற்பட்ட வாசல்கள். உலகிலேயே அதிகப் பயணிகள் புழங்கும் ஸ்டேஷன் அது. தவறான வாசலில் வெளியே வந்தால் ஹோட்டலுக்குப் போகக் கால் மணி நேரம் கூடுதலாக நடக்கவேண்டும். நாங்கள் உவேனோவில் ஐந்து இரவு தங்கினோம். நரிட்டா விமான நிலையத்திலிருந்து ஸ்கைலைனர் ரயில் முக்கால் மணி நேரத்தில் நேராக அங்கே கொண்டுவந்து விடுகிறது. ஊரைச் சுற்றி வரும் யமனோட்டே வட்டப்பாதை ரயிலும் அங்கேயே நிற்கும். கியோட்டோவுக்கு ரயில் ஏற டோக்கியோ ஸ்டேஷன் போக எட்டு நிமிடம்தான். பூங்கா, விலங்குக்காட்சிசாலை, அருங்காட்சியகம் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதால், குழந்தைக்குக் கால் வலித்தால் அறைக்குத் திரும்பிவிடலாம். பக்கத்து ஸ்டேஷனான ஒகாச்சிமாச்சி நகைக் கடைகள் நிறைந்த பகுதி. அந்த வியாபாரத்துக்காக வந்து தங்கிய இந்தியர்கள் இருப்பதால் சைவச் சாப்பாடும் மளிகைச் சாமானும் கிடைக்கின்றன. அத்தைக்கு அது பெரிய ஆறுதல்.

இந்தியர்கள் நிறைய பேர் வசிக்கும் நிஷி-கசாயில் தங்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஒருநாள் சாப்பிடப் போங்கள், தங்கவேண்டாம். காலை வேளையில் அங்கிருந்து நகருக்குள் வரும் தோசாய் மெட்ரோ பாதையில் கூட்டம் நெரிக்கும்.

பகுதியை முடிவு செய்தபிறகு ஸ்டேஷனின் எந்த வாசலில் லிஃப்ட் இருக்கிறது என்று பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். 'ஸ்டேஷனிலிருந்து 3 நிமிடம்' என்று ஹோட்டல் போட்டிருக்கும். அந்த மூன்று நிமிடம் படிக்கட்டு மட்டுமே உள்ள வாசலிலிருந்து கணக்கிட்டதாக இருக்கலாம். லிஃப்ட் வாசல் சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் பத்து நிமிடம் ஆகிவிடும். ரூம் போடுமுன் கூகுள் வரைபடத்தின் தெருக்காட்சியில் அந்த வாசலிலிருந்து ஹோட்டல் கதவு வரை ஒருமுறை 'நடந்து' பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அறையின் விவரத்தையும் நிதானமாகப் படியுங்கள். சாதாரண பிசினஸ் ஹோட்டல் அறை 13 சதுர மீட்டர் இருக்கும், அதாவது 140 சதுர அடி. இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே சமயத்தில் திறந்து வைக்க இடம் இருக்காது. 'செமி டபுள்' என்றால் 120 செ.மீ. அகலக் கட்டில், இரண்டு பேர் திரும்பிப் படுக்க முடியாது. விலை குறைவாகத் தெரியும் அறை புகைபிடிப்போருக்கான அறையாக இருக்கலாம். அந்த வாடை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் போகாது. பெரும்பாலும் ஆள் கணக்கில்தான் கட்டணம் என்பதால் மகனின் வயதைச் சரியாகப் போட்டுத் தேடுங்கள். இருவர் என்று பதிவு செய்துவிட்டு மூன்று பேராகப் போய் நிற்பது அங்கே நடக்காது.

இனி கியோட்டோ. எங்கள் பயணத்தில் தவறு நடந்தது இங்கேதான், அதற்கு நானே காரணம்.

பழைய மர வீடு ஒன்றின் படங்களைப் பார்த்து மயங்கிவிட்டேன். மச்சியா என்று சொல்லும் பாரம்பரிய வீடு. முன்னால் சின்ன முற்றம், அதில் ஒரு கல்விளக்கு, உள்ளே பாய் விரித்த அறை, காகிதக் கதவு. மூன்று இரவுக்குப் பதிவு செய்தேன். டாக்சி சந்துமுனையில் இறக்கிவிட்டது. உள்ளே வண்டி போகாது. இரவு எட்டரை மணி இருக்கும். கல் பாவிய சந்து. இரண்டு பெட்டிகளின் சக்கரமும் அந்தக் கல்லில் கடகடவென்று உருண்ட சத்தம் எனக்கே பொறுக்கவில்லை. ஒரு வீட்டின் மாடி ஜன்னல் திறந்து மூடியது. கணவர் ஒன்றும் பேசாமல் ஒரு பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். இரண்டாவது பெட்டியை நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.

உள்ளே போனால் படுக்கை மாடியில், கழிவறை கீழே. நடுவில் இருந்தது படிக்கட்டு என்பதைவிட ஏணி என்று சொல்லலாம். படி ஒவ்வொன்றும் என் பாதத்தில் பாதி அகலம்தான்; ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. அத்தை மேலே ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நான் இங்கேயே கீழ படுத்துக்கறேம்மா, நீங்க மேல போங்க" என்றார். அந்தக் குளிரில் கீழே எப்படிப் படுக்கவிடுவது? கைத்தாங்கலாக மேலே கூட்டிப்போனோம். விடியற்காலையில் ஏதோ சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், யாரையும் எழுப்பக்கூடாது என்று அத்தை படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கை சேலையைச் சுருட்டிப் பிடித்தபடி. இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது. மறுநாள் முழங்கால் வீங்கி, ஃபுஷிமி இனாரி கோவில் வாசலோடு நின்றுவிட்டார்.

வீட்டுக்காரர்மேல் குறை இல்லை. படிக்கட்டின் படமும் பட்டியலில் இருந்தது. நான் முற்றத்தைப் பார்த்த அளவுக்கு அதைப் பார்க்கவில்லை. இளைஞர்கள் போனால் அப்படி ஒரு வீட்டில் அவசியம் தங்கவேண்டும், அவ்வளவு அழகு. அதற்கு உரிம எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2018இல் அமலுக்கு வந்த சட்டப்படி, பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வீட்டுக்கு அந்த எண் கட்டாயம்.

கியோட்டோவில் மெட்ரோ பாதைகள் இரண்டே. ரயில் போகாத மற்ற பல இடங்களுக்குப் பஸ்தான், சீசனில் அதில் ஏறவே முடியாது. அதனால் கியோட்டோ ஸ்டேஷனை ஒட்டித் தங்குவதே நல்லது. அந்தப் பகுதிக்கு அழகில்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் அங்கிருந்து ஃபுஷிமி இனாரிக்கு இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கினால் போதும், ஐந்தே நிமிடம். அந்தக் கோவில் 24 மணி நேரமும் திறந்திருக்கும். காலை ஆறரைக்கு நாங்கள் போனபோது, சிவப்பு வாயில் வரிசையில் எங்களைத் தவிர நான்கைந்து பேர்தான். பத்து மணிக்குத் திரும்பும்போது தலைகள்தான் தெரிந்தன. ஒசாகாவில் தங்கிக்கொண்டு இந்தக் காலை நேரத்தைப் பிடிப்பது கஷ்டம். அதனால் கோவில்கள்தான் முக்கியம் என்றால் கியோட்டோ. இரவில் சாப்பாடு, கடைத்தெரு, வெளிச்சம் பிடிக்கும் என்றால் ஒசாகா. அறை விலையைப் பார்த்தால் நவம்பர் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் கியோட்டோ எகிறிவிடும். ஒசாகா ஓரளவு தாங்கும். தங்கும் வரி தனி. கியோட்டோவில் 2026 மார்ச் முதல் அதையும் உயர்த்தியிருக்கிறார்கள்.

பெட்டி விஷயம் தங்குமிடத்தோடு சேர்ந்ததுதான். ஜப்பானில் தக்யூபின் என்று ஒரு சேவை உண்டு. டோக்கியோ ஹோட்டல் வரவேற்பில் பெட்டியைக் கொடுத்தால் மறுநாள் கியோட்டோ ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அளவைப் பொறுத்து ஒரு பெட்டிக்கு இரண்டு, மூன்று ஆயிரம் யென். நடுவில் ஒரு இரவுக்கு மாற்றுத்துணி தோள்பையில் இருந்தால் போதும். நாங்கள் ஏன் அனுப்பவில்லை? அந்த மர வீட்டில் பெட்டியை வாங்கிவைக்க ஆள் கிடையாது. சாவியே ஒரு எண்பூட்டுப் பெட்டியில்தான் இருந்தது. வரவேற்பில் ஆள் இருக்கும் இடமாகப் பார்த்துப் போட்டால் இந்த வசதி தானாகக் கிடைக்கும். கையிலேயே கொண்டுபோவதானால், நீளம் அகலம் உயரம் மூன்றும் சேர்ந்து 160 செ.மீ. தாண்டும் பெட்டிக்கு டோக்கியோ, கியோட்டோ புல்லட் ரயிலில் பெட்டி வைக்கும் இடத்தோடு சேர்ந்த இருக்கையை முன்பதிவு செய்யவேண்டும். நம் ஊரில் வாங்கும் பெரிய பெட்டி இந்த அளவைத் தொட்டுவிடும்.

ஒசாகாவில் கடைசி மூன்று இரவு நம்பா பகுதியில், சமையலறை உள்ள அறையில் தங்கினோம். இது நல்ல முடிவு. ஜப்பானில் காய்கறிச் சாறாகத் தெரிவதில்கூட மீன் சாறு கலந்திருக்கும். அத்தை சுத்த சைவம். ஊரிலிருந்து சின்ன எலக்ட்ரிக் குக்கர் கொண்டுபோயிருந்தோம், அது உவேனோவில் அரை மணி நேரம் ஆகியும் தண்ணீரை வெதுவெதுப்பாக்கியதோடு சரி. அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கருக்கு ஐந்தில் ஒரு பங்கு சூடுகூட வராது. நம்பா அறையில் அங்கேயே உள்ள அடுப்பும் குக்கரும் இருந்தன. அன்று மிளகு ரசமும் சாதமும். அத்தை இரண்டு தடவை சாதம் போட்டுக்கொண்டார். மூன்று இரவு அல்லது அதற்கு மேல் தங்கும் இடத்தில் சமையலறை தேடுங்கள். ஒரு இரவுக்கு அது தேவையில்லை.

ஹகோனேவை டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். வெந்நீர் ஊற்று விடுதியில் தங்கியே ஆகவேண்டும் என்றால், உங்கள் அம்மா மீன் சாப்பிடுவாரா என்று முதலில் யோசியுங்கள். அந்த விடுதிகளில் பெரும்பாலும் இரவுச் சாப்பாடும் சேர்த்துத்தான் கட்டணம், சைவம் செய்து தரமுடியாது என்று மறுக்கும் இடங்கள் நிறைய.

விசாவுக்கு எந்த நாள் எங்கே தங்குகிறோம் என்ற அட்டவணை கொடுக்கவேண்டும். அதற்காக அவசரப்பட்டுப் பணம் திரும்பாத அறையைப் போடாதீர்கள். இலவசமாக ரத்து செய்யக்கூடியதாகப் போட்டுவிட்டு, விசா வந்தபின் நிதானமாக மாற்றலாம்.

உங்கள் 12 நாளுக்கு 11 இரவு என்று வைத்துக்கொண்டால் நான் இப்படிப் பிரிப்பேன். உவேனோவில் ஐந்து, அதில் ஒருநாள் ஹகோனே. அப்புறம் கியோட்டோ ஸ்டேஷன் பக்கம் லிஃப்ட், சமையலறை, வரவேற்பு மூன்றும் உள்ள இடத்தில் ஆறு. அதில் நாரா, ஹிரோஷிமா, ஒசாகாவுக்கு ஒவ்வொரு நாள். திரும்பும் விமானத்தை டோக்கியோவிலிருந்து போடாமல் ஒசாகா பக்கத்தில் உள்ள கன்சாய் விமான நிலையத்திலிருந்து போடுங்கள். கியோட்டோவிலிருந்து ஹருகா ரயிலில் ஒன்றே கால் மணி நேரம் சொச்சம். விமானம் காலை பத்துக்கு முன்னால் என்றால் மட்டும், கடைசி இரவை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.